வீட்டிலே நன்றாகப் பாடும்

கொண்டைக்குருவி வளர்ப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. தன் குருவி பாடும்போது சும்மா இருப்பவர் ஓர் இனம். தன் குருவி சும்மா இருக்கும்போது தான் பாடுபவர் மற்றோர் இனம். முதல் இனத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவர்கள் போட்டிக்கு வருகிறார்கள், பரிசாகக் கொடுத்த மின்விசிறியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நாம் பார்க்கப்போவது இரண்டாவது இனத்தை.

அடையாளம் காண்பது எளிது. லந்தாத் தீவின் கிழக்குக் கரையில், ரப்பர் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே போகும் சாலையில், பொழுது புலரும் நேரத்தில் ஓரமாக நின்றுகொள்ளுங்கள். ஒரு மோட்டார் சைக்கிள் வரும். ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, மறு கையில் உச்சி கூம்பிய மரக் கூண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூண்டுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து, உறையின் ஓரத்துக்குச் சரிகையும் வைத்து, தான் மட்டும் தோளில் கிழிந்த பனியனோடு ஒருவர் வருவார். பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். சாலையில் பள்ளம் வந்தால் வண்டி மெதுவாகும். மனைவிக்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

வண்டி போய் நிற்கும் இடம் கா ஸாபியின் தேநீர்க் கடை. (இங்கே அக்காவுக்கு ‘கா’, அண்ணனுக்கு ‘பாங்’. அதற்கு மேல் மரியாதை வேண்டுமென்றால் தேநீரைக் கொஞ்சம் உயரத் தூக்கி ஆற்றித் தருவார்கள், அவ்வளவுதான்.) கடை வாசலில் நீளமாக ஒரு கம்பி கட்டியிருக்கும். கூண்டுகள் அதில் வரிசையாகத் தொங்கும். கீழே ஆண்கள் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தபடி, யாருடைய குருவி எத்தனை முறை வாய் திறந்தது என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். நம்மவரும் கூண்டை மாட்டுவார். உறையை ஒரே வீச்சில் எடுக்காமல், மணமகள் முகத்திரையை விலக்குவதுபோல ஓரம் ஓரமாக எடுப்பார். பிறகு யாரையும் பார்க்காமல் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். இடப்பக்கக் குருவி பாடும். வலப்பக்கக் குருவி பாடும். மேலே மரத்தில், வளர்ப்பார் யாரும் இல்லாத காட்டுக் குருவிகூடப் பாடும். அவருடையது வாழைப்பழத்தைக் கொத்தித் தின்னும். தின்று முடித்ததும் அலகைக் கம்பில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் துடைத்துக்கொள்ளும்.

"என்ன பாங், உங்க குருவி நோன்பு வெச்சிருக்கா?"

"வீட்டுல நல்லா பாடும்."

"அப்ப வீட்டையும் தூக்கிக்கிட்டு வந்திருக்கலாமே!"

கடை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் காது சிவந்துவிடும்.

இந்த ஒற்றை வாக்கியம்தான் இந்த இனத்தின் சின்னம், கொடி, கீதம் எல்லாம். இதற்குத் துணையாகச் சில படைகளும் உண்டு. நேற்று ராத்திரி மேல்காற்று அடித்தது. பூனை ஒன்று குறுக்கே போனது. இறகு உதிர்க்கிற பருவம். பக்கத்தில் தொங்குவது காக்கை மாதிரி கத்துகிறது, அதைக் கேட்டு இதற்கு வெறுத்துப்போயிற்று. வெள்ளைக்காரி ஒருத்தி கைப்பேசியை முகத்துக்கு நேராக நீட்டிப் படம் எடுத்தாள், அன்றிலிருந்து மனசு சரியில்லை. கம்பி கொஞ்சம் சாய்வாகக் கட்டியிருக்கிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளுக்காவது ஒரு கூடம்தான் கோணல். நம்மவருக்குத் தீவே கோணல்.

இந்த இனத்துக்கு எங்கள் ஊர்த் தலைமகன் பாங் ஹீம். பின்னால் எஞ்சின் தண்டு வால்போல நீண்டிருக்கும் நீள வால் படகு ஓட்டுபவர். சுற்றுலாக்காரர்களைப் பவளப்பாறை பார்க்க அழைத்துப்போய், மாலையில் உப்பும் வெயிலுமாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவது தொழில். ஆனால் தொழில் என்னவென்று கேட்டால் அவர் தன் குருவியின் பெயரைத்தான் சொல்லுவார். அதற்கு வானிடி என்று பெயர் வைத்திருந்தார். வைத்த நாளிலிருந்து ஊரில் அதன் தூறலைக்கூட யாரும் கேட்டதில்லை.

வானிடிக்குத் தினம் காலையில் பித்தளைத் தட்டில் குளியல். குளித்தபின் இளவெயில். வெயில் ஏறினால் நிழல். சாப்பாட்டுக்கு வேலியில் படர்ந்த கொடியிலிருந்து அவரே கையால் பறித்த கோவைப்பழம். வீட்டுக்கு ஒரு வெங்காயம் வாங்கிவரச் சொன்னால் மறந்துபோகிறவர், எந்த வேலியில் எந்தப் பழம் நாளைக்குச் சிவக்கும் என்பதை மறந்ததே இல்லை. சாயங்காலம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு புல்வெளியில் குனிந்து குனிந்து ஓடுவார். அவரைப் பார்த்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி, இது உள்ளூர் நடனம் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கூடவே குனிந்து ஓடினார்கள். அவர் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி ரோயாவுக்கு இதில் ஒரு வழக்கு உண்டு.

"எனக்கு ஜுரம் வந்தப்ப ஒரு தடவ நெத்தியத் தொட்டுப் பாத்தீங்களா? அது தும்முனதுக்கு ராவெல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தீங்க."

"உனக்கு வாய் இருக்கு, சொல்லுவே. அதுக்குச் சொல்லத் தெரியாதே."

"பாடவும்தான் தெரியல."

"வீட்டுல நல்லா பாடுதே! நீயே கேக்கறியே!"

இங்கேதான் நம் கதையில் ஒரு சங்கடம் இருக்கிறது. கேலி செய்ய வந்த எனக்கும் அது சங்கடம்தான். வானிடி வீட்டில் உண்மையிலேயே நன்றாகப் பாடும். பின்கட்டில், ஜம்பு நாவல் மரத்துக் கிளையில் தொங்கும்போது, காலையில் ரோயா கல்லுரலில் மிளகாய் இடிக்கத் தொடங்குவதற்கு முன்னால், அது தலைக் கொண்டையை நிமிர்த்திக்கொண்டு பாடும் பாட்டு இருக்கிறதே, மீன் திருட வந்த பூனைகூட அரை நிமிஷம் நிற்கும். ஆனால் சாட்சி யார்? மனைவி. மனைவி சாட்சி தேநீர்க் கடையில் செல்லாது. ஒருமுறை கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோய்க் காட்டினார். "இது அக்கரையில கிராபிக்காரன் குருவி, இன்டர்நெட்ல வந்துச்சு, நான் போன வருஷமே பாத்துட்டேன்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் அதையே நம்பினார்கள். கா ஸாபி ஒருநாள் வீட்டுக்கே வந்து காத்திருந்து பார்த்தார். வானிடி அவரைப் பார்த்தது. வாழைப்பழத்தைப் பார்த்தது. வாழைப்பழத்தைத் தேர்ந்தெடுத்தது.

"ஆள் வந்தா கூச்சப்படும் கா."

"ஆமா பாங். வெட்கப்பட்ட இடி."

இப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது.

ஹீமுக்கு ஒரே மகள், வரிசா. ஊர் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் சன்னலில் வேலை. அவளுக்கு, வடக்குத் துறையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் தனாய் என்ற பையனைப் பிடித்திருந்தது. பையனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. அவன் வீட்டில் அம்மாவுக்குச் சம்மதம். அப்பா வந்து பார்த்துத்தான் சொல்லுவாராம். ரோயா இதைச் சோறு போடும்போது மெதுவாக அவிழ்த்தாள்.

"பையனோட அப்பா யாரு?"

"பாங் லெம்."

ஹீமின் கை சோற்றிலேயே நின்றது. பையனுக்கு என்ன சம்பளம், குணம் எப்படி, தொழுகை உண்டா, சிகரெட் உண்டா என்று ஒன்றையும் அவர் கேட்கவில்லை. "குருவி கொண்டு வருவாரா?" என்றார்.

பாங் லெம் முதல் இனத்தின் தலைமகன். அவர் குருவி பாடாத போட்டி கிடையாது. கிராபியிலும் திராங்கிலும் ஜெயித்துவந்த மின்விசிறிகள் அவர் வீட்டில் மூலைக்கு ஒன்று நிற்கின்றன. வீட்டில் பேசினால் குரல் நடுங்கிக் கேட்கும் என்பார்கள். நோன்பு மாதம் முடிந்ததும் கரையில் நடக்கப்போகும் பெரிய போட்டிக்கு அவர் குருவியைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். அவருக்கு மூக்கின் நுனியில் கோபம். சொந்தத் தம்பியோடு பேச்சில்லாமல் போனது ஒரு கூண்டை யார் முதலில் மாட்டுவது என்ற விஷயத்தில்தான்.

"இதோ பாருங்க," என்றாள் ரோயா. "அன்னிக்கு உங்க குருவி இந்த வீட்டுல இருக்கக் கூடாது. உங்க தங்கச்சி வீட்டுல கொண்டு போய் விட்டுருங்க. அவரு பாட்டுக்குக் குருவியக் கொண்டு வரட்டும், மாட்டட்டும், பாடட்டும். நீங்க 'ஆகா'ன்னு மட்டும் சொல்லணும். எம்மகளுக்கு இந்தச் சம்பந்தம் குருவியால கெட்டுச்சு, நான் உங்களையும் சேத்துக் கூண்டுல போட்டுருவேன்."

ஹீம் தலையை ஆட்டினார். இந்த இனம் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டும். அன்று காலையில் கூண்டை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் பாதி வழி போனார். தங்கை வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கூண்டை உலுக்குவார்கள் என்று தோன்றியது. திரும்பி வந்து உறையைப் போட்டுப் பின்கட்டில் மாட்டினார். பின்கட்டுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

லெம் வந்தார். கூடவே மனைவி, வெற்றிலைத் தட்டு, பலகாரத் தட்டு. எல்லாவற்றுக்கும் முன்னால் கூண்டு. பெண் கேட்டு வருகிற இடத்துக்குக் குருவியா என்று நீங்கள் வியக்கலாம். இங்கே யாரும் வியக்கவில்லை. வாசல் உத்தரத்தில் இரண்டு கொக்கி இருந்தது. ஒன்றில் தன் கூண்டை மாட்டிவிட்டு, "கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றார். பிறகு இன்னொரு கொக்கியைப் பார்த்தார்.

"உங்களுது எங்க பாங்? வீட்டுல நல்லா பாடுமாமே, வடக்குத் துறை வரைக்கும் கேள்விப்பட்டோம்."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. கண் மட்டும் சிரித்தது. ஹீமின் காது சிவந்தது. ரோயா பார்த்த பார்வையில் ஒரு மனிதன் கரிந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அவர் அதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டார். கூண்டு வந்தது. கொக்கியில் ஏறியது. உறை ஓரம் ஓரமாக விலகியது.

இரண்டு கூண்டு பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் இந்தத் தீவில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைக்கவில்லை, ஆனால் எழுதிவைத்த சட்டத்தைவிட இதை மதிப்பார்கள். எந்தக் கூண்டுக்கு முதலில் துணி விழுகிறதோ அந்தக் குருவி தோற்றது. அவ்வளவுதான். பேச்சு, விளக்கம், மேல்முறையீடு எதுவும் கிடையாது. தோற்கும் குருவிக்குச் சீக்கிரம் துணி போட்டுவிட்டால் நல்லது. போடாமல் வீம்புக்கு விட்டால் அது மனசு உடைந்துவிடும். கொண்டை படிந்து, மேல் கம்பிலிருந்து கீழ்க் கம்புக்கு, கீழ்க் கம்பிலிருந்து கூண்டின் தரைக்கு இறங்கிவிடும். தரைக்கு இறங்கிய குருவி அந்த வருஷம் பாடாது. சில குருவிகள் அப்புறம் பாடவே பாடாது. அப்படிக் குருவி உடைந்துபோன ஒருவர் எங்கள் ஊரில் உண்டு. தேநீரை இப்போது வீட்டிலேயே குடிக்கிறார்.

மஞ்சள் போட்ட ஒட்டரிசிச் சோறும் கோழிக் குழம்பும் வந்தன. பாயில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பெண்கள் தேதியைப் பற்றித் தொடங்கினார்கள். லெம்மின் குருவி தொண்டையைச் செருமுவதுபோல மூன்று சுரம் விட்டது. வானிடி வாழைப்பழத்தைப் பார்த்தது.

"பரவால்ல பாங்," என்றார் லெம், மிகப் பெருந்தன்மையோடு. "புதுசா ஆளுங்களப் பாத்தா கூச்சமா இருக்கும்."

இந்த இடத்தில் லெம் ஒரு தப்பு செய்துவிட்டார். ஆட்களைப் பார்த்தால் வானிடிக்குக் கூச்சம்தான். ஆனால் அதன் சொந்த வாசலில், அதன் சொந்தக் கொக்கிக்குப் பக்கத்தில், இன்னொரு குருவி வந்து செருமுவது அதுவரை நடந்ததில்லை. யாரும் குருவியோடு அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. பாடாத குருவியோடு போட்டி போட எவன் வருவான்?

வானிடி பழத்தை விட்டது. உடம்பை ஒருமுறை உதறியது. கொண்டை நின்றது, கன்னத்துச் சிவப்பு தெரிந்தது, சிறகு இரண்டும் லேசாக விரிந்தன. பிறகு பாடியது. மழைக்கு முந்தின காற்று ஓலைக் கூரையில் புகுந்ததுபோல வீடு முழுக்க அந்தச் சத்தம் பரவியது. லெம்மின் குருவி பதில் சொன்னது. வானிடி அந்தப் பதிலை முடிக்க விடவில்லை. மறுபடி அது சொன்னது. மறுபடி இது மறித்தது. கொஞ்ச நேரத்தில் லெம்மின் குருவி ஒரு சுரத்தைக் கோட்டைவிட்டது. பிறகு இரண்டைத் தவறவிட்டது. பிறகு மேல் கம்பிலிருந்து கீழ்க் கம்புக்கு இறங்கியது.

லெம்மின் கையில் சோற்று உருண்டை அப்படியே நின்றது.

"அப்ப பெருநாள் கழிச்சு வர்ற வெள்ளிக்கிழம…" என்றாள் அவர் மனைவி. அவர் காதில் விழவில்லை.

ஹீமுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. சந்தோஷத்தில்தான். இத்தனை வருஷம்! வீட்டைத் தூக்கிக்கிட்டு வா என்றார்கள், வெட்கப்பட்ட இடி என்றார்கள், கிராபிக்காரன் குருவி என்றார்கள். கேளுங்களடா, கேளுங்கள்! தேநீர்க் கடையைப் பெயர்த்துக்கொண்டுவந்து இந்த வாசலில் வைக்க வேண்டும்போல இருந்தது அவருக்கு. முகத்தில் சிரிப்பு வந்துவிடாமல் இருக்கக் கோழி எலும்பை வாயில் போட்டு அடக்கிக்கொண்டார்.

ரோயா தண்ணீர்ச் செம்பை டங்கென்று வைத்தாள். அவர் பார்த்தார். அவள் கண்ணாலே உள் கதவைக் காட்டினாள். கதவுத் திரைக்குப் பின்னால் வரிசா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கண்ணும் பாதி நெற்றியும்தான் தெரிந்தன. அந்தக் கண் குருவியைப் பார்க்கவில்லை. லெம்மின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் தண்ணீர் நிறைந்திருந்தது. தன் மகள் அழுவதற்குத் தயாராக நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பெண்ணைப் பெற்றவன் பார்க்கவேண்டியதைக் கடைசி ஆளாகப் பார்த்திருக்கிறோமே என்று இருந்தது.

அவரும் லெம்மின் முகத்தைப் பார்த்தார். அது அவருக்கு நன்றாகத் தெரிந்த முகம். எதுவும் நடக்காததுபோலக் கடலைப் பார்க்கும் முகம்; காது மட்டும் சிவந்த முகம். இத்தனை நாள் அதை உள்ளிருந்து சுமந்தவர், இப்போதுதான் வெளியிலிருந்து பார்க்கிறார். பாவம், லெம்முக்கு அதைச் சரியாக வைத்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை. பழக்கமில்லை. வாய் கோணியிருந்தது. கூண்டுத் துணி அவர் மடியிலேயே கிடந்தது. கையை வைத்திருந்தார், எடுக்கவில்லை. எடுத்தால் சம்பந்தி வீட்டில் தோற்றவர். எடுக்காவிட்டால் குருவி போயிற்று. குருவி போனால் இந்த வீட்டு வாசலை அவர் ஜென்மத்துக்கு மிதிக்க மாட்டார். தம்பி வீட்டு வாசலை மிதித்தாரா?

குருவி கீழ்க் கம்பின் ஓரத்துக்கு நகர்ந்தது. அடுத்தது தரைதான்.

ஹீம் எழுந்தார். தன் கூண்டின் உறையைக் கையில் எடுத்தார். உறையைத் தூக்கிய நேரம் பார்த்து வானிடி, அவர் வீட்டிலும் கேட்டிராத ஒரு புது இழுப்பை எடுத்தது. கை அந்தரத்தில் நின்றது. இன்னும் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போட்டால் என்ன? ஒரே ஒரு தடவை?

கேட்டார். அதை நான் மறைக்க விரும்பவில்லை. மகளின் வாழ்வு ஊசலாடும்போது அந்த மனிதர் கண்ணை மூடி ஒரு இழுப்பு முழுக்கக் கேட்டார். பிறகு துணியைப் போட்டார்.

வீடு அமைதியானது. அந்த அமைதிக்குள், கையில் ஒரு தட்டுப் பலகாரத்தோடு, அக்கம்பக்கத்தில் விசேஷம் என்றால் வாசனையிலேயே தெரிந்துகொள்ளும் கா ஸாபி நுழைந்தார். மாட்டியிருந்த இரண்டு கூண்டையும் பார்த்தார். துணி எதில் என்று பார்த்தார்.

"அட! தோத்துட்டீங்களா பாங்?"

ஹீம் வாயைத் திறந்தார். பல் பிடுங்கும்போதுகூட அவர் முகம் அப்படிப் போனதில்லை.

"ஆமா கா. பாங் லெம் குருவி முன்னாடி நிக்க முடியுமா?"

லெம் தலை நிமிரவில்லை. தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எதிரி மறைந்ததைத் தெரிந்துகொண்ட அவர் குருவி, கொஞ்ச நேரம் கழித்து மேல் கம்புக்கு ஏறி, மெலிசாக ஒரு சுரம் விட்டது.

"ஆகா! சாம்பியன்னா சாம்பியன்தான்," என்றார் கா ஸாபி. "நம்ம இடிக்கு மழக்கோட்டு போட்டாச்சு போல!"

அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு, ஆற்றோடு போகிற மட்டைபோல ஓடியது. லெம் எல்லாவற்றுக்கும் சரி என்றார். பெருநாள் கழித்து வரும் வெள்ளிக்கிழமையா, சரி. விருந்து பெண் வீட்டிலா, சரி. பெண் வேலைக்குப் போவாளா, அதற்கென்ன, போகட்டும். எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லாத மனிதரை அவர் மனைவி நெற்றியைச் சுருக்கிப் பார்த்தாள். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ரோயா கணவருக்கு இன்னும் ஒரு கோழித் துண்டு வைத்தாள். கல்யாணமான முதல் சில வருஷத்துக்குப் பிறகு அவளாக அவர் தட்டில் இரண்டாம் துண்டு வைத்தது அன்றுதான்.

வண்டியில் ஏறும் முன் லெம் தன் கூண்டை அணைத்துப் பிடித்தபடி ஹீமைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். கடலைப் பார்த்தார். வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு யாருக்கும் கேட்காமல், இதுவரை தன் வாயால் சொல்லியிராத அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"பாங்… இது வீட்டுல நல்லா பாடும்."

இதற்குச் சொல்லக்கூடிய பதில்கள் ஹீமுக்கு மனப்பாடம். வீட்டைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கலாமே என்பது ஒன்று. நோன்பா என்பது ஒன்று. ஒவ்வொன்றும் அவர் மேல் விழுந்து தழும்பானவை. எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்து வரிசையில் நின்றன.

"தெரியும் பாங்," என்றார் ஹீம். "பாடும். இன்னிக்குக் காத்து சரியில்ல."

லெம் அவர் கையைப் பிடித்தார். சலாம் சொல்லப் பிடித்த கையை விட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கதை இங்கே முடிந்திருந்தால் ஹீம் மகானாகிவிடுவார். அவர் மகான் இல்லை. மறுநாள் தேநீர்க் கடையில், "சொந்த வீட்டுலயே தோத்தாச்சாமே, இனிமே எங்க நல்லா பாடும்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார்கள். அவர் தேநீரை ஊதினார். ஊதி முடித்த பிறகும் ஊதினார். பொய் என்று எல்லோரும் நினைத்ததை வருஷக்கணக்கில் சொல்லித் திரிந்தவர், கடைசியில் அது உண்மை என்று நிரூபணமான பிறகு சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஊமை கண்ட கனவு. சொன்னால் சம்பந்தி போச்சு. சொல்லாவிட்டால் வயிறு உப்புசம்.

மூன்றாம் நாள் தாங்க முடியவில்லை. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது நடுக்கடலில் எஞ்சினை நிறுத்தினார். அவர்களில் ஒருவருக்கும் அவர் பாஷை தெரியாது என்பதை ஒருமுறை உறுதி செய்துகொண்டார். பிறகு எழுந்து நின்று, முதலிலிருந்து கடைசி வரை, கையைச் சிறகாக விரித்து, கொண்டையை நிமிர்த்தி, லெம்மின் குருவி கம்பு கம்பாக இறங்கியதைப் படகுப் பலகையில் இறங்கி இறங்கிக் காட்டி, தன் குருவியின் புது இழுப்பை வாயால் இழுத்து, தொண்டை கட்டும்வரை சொன்னார். பயணிகள் இது கடல் தேவதைக்குச் செய்யும் பழைய வழிபாடு என்று முடிவு செய்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தட்டினார்கள். இன்னொரு முறை செய்யச் சொல்லிச் சைகையும் காட்டினார்கள். அவர் செய்தார். இப்போது அந்தப் படகில் பவளப்பாறையைவிட அந்த வழிபாட்டுக்குத்தான் ஆள் அதிகம் வருகிறது என்று கேள்வி.

நீங்கள் குருவி வளர்ப்பதில்லை. அதனால் நிம்மதியாகச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று ஒரு பொதுமன்னிப்பு இருக்கவே இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். வீட்டுக்கு யாரோ வந்திருந்தார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிய பிள்ளையைத் தோளைப் பிடித்து நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, "அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு, இல்லாவிட்டால் அந்தத் திருக்குறளையாவது சொல்லு" என்றீர்கள். பிள்ளை சட்டை நுனியைக் கடித்தது. வந்தவர் காபியைப் பார்த்தார். அப்போது நீங்கள் சிரித்துக்கொண்டே, காது கொஞ்சம் சிவக்க, வந்தவரிடம் ஒரு வாக்கியம் சொன்னீர்கள்.

நினைவுக்கு வரவில்லையா? பிள்ளையைக் கேளுங்கள். அதற்கு மறந்திருக்காது.